சத்தம் நின்றால் போதும்

"மெதுவா ஓட்டுடா யாக்கோபு, உனக்குப் புண்ணியமாப் போவும்! புள்ள துடிக்கிறான் பாரு!"

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும்க்கா. நான் இன்னா பண்ணட்டும்? பின்னாடி ஸ்பிரிங் எல்லாம் போயிடுச்சி."

யாக்கோபு அழாத குறையாகச் சொன்னான். கம்பெனி ஆட்களைத் திணித்துத் திணித்து ஏற்றியே பின்பக்கம் படுத்துவிட்ட பழைய சுமோ அது. பின் சீட்டுகளைக் கழற்றி, மெத்தை விரித்து, சுந்தராம்பாளின் மகன் லோகேஷைக் கிடத்தியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவனை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகிறது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இனி விற்க ஒன்றும் இல்லை என்று சுந்தராம்பாளே கையெழுத்துப் போட்டு, சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வருகிறாள்.

ஒரகடம் ரோடு அந்த வருஷம் இருந்த லட்சணத்தை என்னவென்று சொல்ல! அகலப்படுத்துகிறேன் பேர்வழி என்று வழி நெடுகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டியின் பின்பக்கம் தூக்கிப் போடும். உடனே "யம்மா!" என்று லோகேஷ் அலறுவான். பள்ளத்துக்கு ஓர் அலறல். பெற்ற வயிறு எப்படித் தாங்கும்?

"இந்தச் சத்தத்தக் கேக்கவாடா உன்னப் பெத்தேன்? இது நின்னா போதும்டா சாமி!" என்று மகன் பக்கத்தில் குந்தியிருந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் பாபுவின் ஒர்க் ஷாப் கண்ணில் பட்டது. யாக்கோபு வண்டியை ஓரம் கட்டினான். மெக்கானிக் பாபு ஒரு சாக்கை விரித்துப் படுத்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்து வந்தான்.

"இன்னாண்ணே வண்டி வெச்சிருக்க? ஷாக் அப்சர்பர் ரெண்டுத்திலயும் ஆயிலே இல்ல. லெஃப்ட்ல ஸ்பிரிங் பட்டை விரிசல் வுட்டுக்கீது. ரப்பர் புஷ் தேஞ்சி, இரும்போட இரும்பு மோதுது. தூக்கிப் போடாம இன்னா செய்யும்?"

சுந்தராம்பாள் இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பிடியாவது சரி பண்ணிடு தம்பி. வூடு போய்ச் சேர்ற வரிக்கும் எம்புள்ள கத்தக் கூடாது. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"ஜாக்கி வெச்சித் தூக்கணும்மா. ஆள இறக்கினாத்தான் முடியும்."

"இறக்கறதா? தொட்டாலே உசுரு போவுதுன்றான்ப்பா!"

உள்ளேயிருந்து "யம்மா... தண்ணி" என்று முனகல் வந்தது. அவள் ஓடிப்போய் ஈரத் துணியால் மகனின் உதட்டை நனைத்தாள். பாபு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு யாக்கோபைப் பெட்டிக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் என்னவோ சொன்னான். யாக்கோபு தலையை மட்டும் ஆட்டினான்.

"நீங்க அப்பிடி ஓரமா குந்துங்கம்மா. பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு, சுத்தியலும் ஸ்பானருமாக பாபு மறுபடி அடியில் போனான். டங் டங் என்று தட்டும் சத்தம் கேட்டது. சுந்தராம்பாள் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, தெரிந்த சாமியை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் கிரீஸாக அவன் வெளியே வந்தான்.

"ஆச்சும்மா. இனிமே ஜம்முனு போவும். பின்னாடி வெயிட்டு மட்டும் ஏறக் கூடாது. நீங்க முன் சீட்ல குந்திக்கோங்க."

காசு நீட்டியபோது வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

வண்டி கிளம்பியது. முதல் பள்ளம் வந்ததும் சுந்தராம்பாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அலறல் வரவில்லை. அடுத்த பள்ளம் இன்னும் ஆழம். அதற்கும் வரவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். லோகேஷ் கண் மூடிக் கிடந்தான்.

"தூங்கறான்டா யாக்கோபு! ஒரு வாரமா பொட்டுத் தூக்கம் இல்லாத புள்ள, எப்பிடித் தூங்கறான் பாரு! வண்டி லேசா குலுங்கத்தான் செய்யுது, ஆனா அவனுக்குத் தெரியவே இல்ல. கெட்டிக்காரன்டா அந்த மெக்கானிக்கு. அவன் புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்." அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். "இன்னாடா ஊமையாட்டம் வர்ற? இனிமே இன்னா பயம், கொஞ்சம் ஸ்பீடாத்தான் போயேன்."

யாக்கோபு ஸ்பீடைக் கூட்டவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை.

"ஆள இறக்காம ஒரு நட்டைக்கூடக் கழட்ட முடியாதுண்ணே. அந்தம்மா மனசு ஆறட்டும்னு சும்மா தட்டிட்டு வரேன். புள்ள கத்தத்தான் செய்வான், நீ பாத்து ஓட்டு" என்றுதான் பெட்டிக்கடை ஓரம் பாபு அவனிடம் சொல்லியிருந்தான்.