பொத்துவில் பயணம்

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் கனகசுந்தரம் தானாக வாயைத் திறந்து, "எங்கையாவது போய் வருவமே?" என்று கேட்டது அதுதான் முதல் தடவை. சரோஜாதேவிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர். லீவு கிடைத்தால் யாழ்ப்பாணம், கிடைக்காவிட்டால் ஆபீஸ். வேறு உலகமே தெரியாத மனிதர்.

"எங்கை போறது?"

"லாகுகலைக் காட்டுக்குள்ள பழைய ராசா காலத்துக் கட்டடம் இடிஞ்சு கிடக்காம். பிள்ளையள் பாக்கட்டும். அங்கையிருந்து பொத்துவில் கிட்டத்தான். ஒரு நாள் கடல். மூண்டாம் நாள் திரும்பியிடலாம்."

"தங்க இடம்?"

"ரெஸ்ட் ஹவுசுக்குக் கடிதம் போட்டாச்சு. பசறை ஜௌபரின்ரை காரும் சொல்லியாச்சு."

அவள் அன்றைக்கே முறுக்குக்கு மாவு இடிக்க ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் படிப்பை மூட்டை கட்டி வைத்தன.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் பின்கதவில் முருகையா வந்து நின்றான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். தோட்டத்து ஜனங்கள் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போடக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இந்த மண்ணில் இருந்தோம் என்று அத்தாட்சி கேட்கிறார்கள். தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் பதிகிற செக்ரோல் புத்தகத்தை விட்டால் அவனுக்கு வேறு அத்தாட்சி ஏது?

"எங்கப்பா பேரு இருக்குங்கய்யா. இருவத்தாறாம் வருசத்துப் புஸ்தகம். பாத்து ஒரு துண்டு எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

"பழைய புத்தகமெல்லாம் துரை சொல்லித் தேயிலை ஸ்டோர் அடுப்பில போட்டாச்சு. சாம்பலுக்க பேர் தேடச் சொல்லுறியோ?" கனகசுந்தரம் ரோட்டுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். "இனி இந்தப் பக்கம் வராதை, போ."

முருகையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு போனான்.

சரோஜாதேவி முறுக்கு உரலைக் கீழே வைத்தாள்.

"அந்த மனுசன் அழாத குறையாய்ப் போறான். கொஞ்சம் தன்மையாய்ச் சொன்னால் என்ன?"

"உமக்கு விளங்காது. முறுக்கைப் பாரும்."

காட்டுக்குள் கிடக்கிற கல்லைப் பார்க்க எழுபது மைல் போவாராம், வாசலில் நிற்கிற மனிதனை ஏறெடுத்துப் பார்க்க மாட்டாராம். இவருக்கு நெஞ்சென்று ஒன்று இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டே அவள் முறுக்கைப் பிழிந்தாள்.

காலையில் ஜௌபரின் கார் வந்தது. பெட்டியை அவரே கட்டி, அவரே தூக்கிப் பின்னால் வைத்தார். அதுவும் ஒன்பது வருஷத்தில் முதல் தடவைதான்.

தோட்டத்துக் கேட்டில் அழகர் கையைக் காட்டி நிறுத்தினான். தோட்டத்துக் காவல் வாச்சர். துரையின் வலது கை. ஒரு பிடித் தேயிலைக் கொழுந்தை மடியில் வைத்தாள் என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் துரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவன் பேரைச் சொல்லித் துப்புவார்கள்.

"தேயிலைத் தூள் திருட்டுத்தனமா வெளிய போவுதாம். எந்த வண்டியானாலும் பாக்கணும்னு துரை உத்தரவுங்க."

"என்ரை பெட்டியையுமோ?"

"உத்தரவுங்க."

பெட்டி திறந்தது. மேலே அவளுடைய இரண்டு சேலை. அழகர் சேலையைத் தூக்கினான். கீழே சிவப்பு அட்டை போட்ட பழைய செக்ரோல் புத்தகங்கள். அடுக்கடுக்காக, ஒன்றுகூட எரியாமல்.

சரோஜாதேவிக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. லாகுகலையும் விளங்கியது, நேற்று ரோட்டுக்குக் கேட்கக் கத்தினதும் விளங்கியது. இனி வேலையும் போகும், இருக்கிற வீடும் போகும். பயத்தில் சின்னவனைப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டாள்.

"இது எங்கங்கய்யா போவுது?"

கனகசுந்தரம் பொய் சொல்லப் பார்த்தார். வாயில் வரவில்லை.

"பசறையில ஒரு வக்கீலிட்ட. மனுக்களுக்கு எடுத்து எழுத. ரெண்டு நாளில திருப்பித் தருவார்."

அழகர் துரை பங்களாப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். சேலையை முன்பு இருந்தது போலவே மடித்துப் போட்டான். பெட்டியை மூடி, கேட்டை விரியத் திறந்தான்.

கார் நகர்ந்தபோது ஜன்னலோடு கூடவே நடந்து வந்தான். குரல் இறங்கிப் போயிருந்தது.

"ஐயா, எங்கப்பன் பேரு பெரிய சோலை. முப்பதாம் வருசத்துப் புஸ்தகம்... என்னையும் கொஞ்சம் பாத்து எழுதச் சொல்லுங்க."