மூன்றில் இரண்டு பங்கு

சாட்சிக் கூண்டில் நிற்பவன் மாதிரி வலது கையைத் தூக்கிச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வாஷிங்டனில், செனட்டின் வெளியுறவுக் குழு விசாரணை நடத்தும் அறைக்கு வெளியே நின்றிருந்தேன். காலை எட்டரை. பத்து மணிக்குத்தான் கதவு திறக்கும்.

நிற்பதுதான் என் தொழில். சங்கங்களுக்காகச் செனட்டர்களிடம் ஆதரவு தேடி அலையும் லாபிக்காரர்களுக்கு விசாரணையில் முன்வரிசை வேண்டும்; அவர்களுக்காக நாங்கள் கூலிக்கு இடம் பிடித்து நிற்போம். கதவு திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் கோட்டு சூட்டில் வந்து எங்கள் இடத்தில் நின்றுகொள்வார்கள்.

அன்றைய விவகாரம், தூரத்து நாடு ஒன்றுக்குப் போர் விமானம் விற்கலாமா என்பது. நான் விமானம் செய்கிறவர்களின் சங்கத்துக்காக நின்றேன். எனக்கு முன்னால் வெர்னெட்டா, ஆயுதமே கூடாது என்கிற சங்கத்துக்காக.

ஆறு வருடம் அவள் பின்தலையைப் பார்த்தே நின்றவன், அன்று கேட்டுவிட்டேன்.

“வெர்னெட்டா, என்னைக் கட்டிக்கிறியா?”

“யோவ் ரூஃபஸ், நீ குண்டு போடற கட்சி, நான் வேணாங்கற கட்சி. செனட்ல ஒப்பந்தம்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், தெரியுமில்ல? வாங்கிக் காட்டு, பாக்கலாம்.”

வரிசையில் முப்பது பேர். இருபது கை வேண்டும்.

உடனே திருத்தங்கள் கிளம்பின.

அரிசி விவசாயிகளுக்காக நின்றவர், விருந்தில் உருளைக்கிழங்கு தலைகாட்டக்கூடாது என்றார். எண்ணெய்க்காரர்களுக்காக நின்றவர், தேனிலவுக்கு ரயில் ஆகாது, பெரிய கார்தான் என்றார்.

பழமைவாதிகளுக்காக நின்றவர், கல்யாணம் தனிப்பட்ட விஷயம், யாரும் தலையிடக்கூடாது என்று சொல்லிவிட்டு, அது எந்தச் சர்ச்சில் நடக்க வேண்டும் என்பதையும் சொன்னார். தாராளவாதிகளுக்காக நின்ற பெண்மணி மனதார வரவேற்றார்; ஆனால் மாப்பிள்ளையைப் பற்றி ஆராய முதலில் ஒரு குழு போட வேண்டுமாம்.

மது ஆலைகளுக்காக நின்றவர், ஒயின் உண்டு என்று எழுதித் தரும்வரை பேச்சை நிறுத்த மாட்டேன் என்று நாற்பது நிமிடம் பேசினார். பாதி நேரம் தன் மூட்டு வலியைப் பற்றி.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். விமானச் சங்கத்தின் இடத்தில் நின்ற எவனும் ஒரே காலையில் அவ்வளவு விட்டுக்கொடுத்ததில்லை.

ஓட்டெடுப்பு. என்னுடையதையும் சேர்த்துப் பத்தொன்பது கைகள்.

வெர்னெட்டா வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய லாபிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். மணி ஒன்பது ஐம்பது. தொழில் தர்மப்படி அவள் விலகினாள். இடம் அவருக்கு, இடத்தோடு ஓட்டும். சுற்றிலும் பார்த்தார். சட்டென்று கையைத் தூக்கினார்.

“நானும் ஆதரவு. எதுக்குன்னு மட்டும் அப்புறமா யாராச்சும் சொல்லுங்க.”

இருபது.

வெர்னெட்டா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சரி, தொலை. சட்டம்னா சட்டம்,” என்றாள். போன மே மாதத்தோடு கல்யாணமாகிப் பத்து வருடம்.

பதிவுக்காக ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். அன்று நகரம் முழுக்க இடுப்பளவு பனி. விசாரணையை முந்தின நாளே தள்ளிவைத்துவிட்டார்கள். அது தெரியாமல் அந்த வரிசையில் வந்து நின்றவர்கள் இரண்டே பேர், நானும் வெர்னெட்டாவும்.