கோடாலி வெட்டு

"அந்தக் கதவுல கை வைக்காதீங்க!"

பழைய வீட்டை ஹோட்டலாக மாற்ற வந்த டிசைனர், இழைப்புளியும் கையுமாக நின்ற தச்சரைப் பார்த்து அலறினாள்.

"கோடாலி வெட்டோட அப்படியே வரவேற்பறையில நிக்கணும். அந்தக் காலத்துக் கொள்ளைக்காரன் வேலையா இருக்கும். வர்றவங்க போட்டோ எடுத்தே மாய்வாங்க!"

வீட்டை விற்றவர் சாவி கொடுக்க வந்திருந்தார். "அம்மா, இதை மட்டும் எரிச்சிடுங்களேன்."

"தேக்கு சார்! மனசு வருமா?"

"வெட்டினது நான்தான். உள்ளே தாழ் போட்டுப் படுத்த என் மனைவி, எவ்வளவு தட்டியும் திறக்கலை. வெட்டித் திறந்தப்போ உடம்பு சில்லிட்டிருந்துச்சு. முன்னாடியே கோடாலியைத் தூக்கினேன். எங்கப்பா குறுக்கே நின்னுட்டார்."

அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "ஏன் சார்?"

அவர் அந்த வெட்டைத் தடவினார்.

"நீங்க சொன்னதையேதான் சொன்னார். 'தேக்குடா, கை வைக்காதே!'"