அறுபது டிகிரி

"ஒயரைக் கடிச்சது எலி இல்லீங்க அம்மணி, மூக்கையாதானுங்க," என்றார் அர்த்தநாரி.

கோவையிலிருந்து பழுது பார்க்க வந்த வேல்விழி இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சாயப்பட்டறை நடத்தும் முதலாளியான அர்த்தநாரி அவளை நேராகக் கணினி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். திங்கட்கிழமையிலிருந்து திரையில் ஒரே வரிதான். 'சென்சார் எதுவும் கிடைக்கவில்லை.' மறுநாள் காலை துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் பார்வையிட வருகிறார். திரையில் சூடு தெரியாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும் மெஷினுக்குள் எத்தனை டிகிரி சூடு என்று ஒளியைக் கொண்டே அளந்து சொல்லும் கண்ணாடி இழை சென்சார்கள் அவை. மொத்தம் நான்கு. பையர் கட்டாயப்படுத்தியதால் போன சித்திரையில் வாங்கியவை. அன்றிலிருந்து பழுதாகும்வரை திரை அறுபது டிகிரியை விட்டு அசைந்ததில்லை. கரண்ட் போய் மெஷின் நின்ற நாளில்கூட, யு.பி.எஸ்ஸில் ஓடிய கணினி அறுபதையே காட்டியது. வெளிநாட்டுச் சரக்கின் உறுதியே தனி என்று அர்த்தநாரி பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிவந்தார்.

அந்தத் திரையோடு ஒத்துப்போகாத ஒரே ஆள் மூக்கையா. சிவகங்கைப் பக்கத்துக்காரர். பன்னிரண்டு வருடமாக மெஷின் ஓட்டியவர். ஆடி மாதம் ஒரு லாட் கருநீலத் துணி திட்டுத் திட்டாக வந்தபோது, உள்ளே எழுபத்தைந்துக்குக் குறையாது என்று சாதித்தார். திரை அறுபது என்றது. அர்த்தநாரி திரையை நம்பினார். மறுநாளிலிருந்து மூக்கையாவுக்கு ஈரத்துணி வண்டி தள்ளும் வேலை. அதற்குப் பிறகு பட்டறையில் அவர் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

அந்த வஞ்சத்தில்தான் ஒயரைக் கடித்துவிட்டார் என்பது மேனேஜர் பொங்கியண்ணனின் கண்டுபிடிப்பு. காலையிலேயே மூக்கையாவைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்திருந்தார். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. இருந்தாலும் கடைவாயால் கடித்திருக்கலாம் என்று பொங்கியண்ணன் விடவில்லை. குற்றம் உறுதியானால் சாயங்காலமே ஆளை அனுப்பிவிடுவதென்று முடிவாகியிருந்தது.

வண்டி தள்ளிக்கொண்டு போனவரை நிறுத்தி, வேல்விழியே நேரில் கேட்டாள்.

"கடிக்கணும்னு நெனச்சிருந்தா இந்த டிவிப் பொட்டியத்தான் கடிச்சிருப்பேன்மா," என்றார் மூக்கையா. சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவள் வேலையைத் தொடங்கினாள். கேபிளை வேறு துளையில் மாற்றிச் செருகினாள். டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டாள். கேபிள்கள் வந்து சேரும் பெட்டியைத் திறந்தபோது, நான்கு துளைகளிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அடைத்திருந்தன. சந்தனத்துக்குள் ஒளி போகாது என்று அவள் பக்குவமாகச் சொன்னாள். ஆயுத பூஜைக்குச் சின்னதாகத்தான் பொட்டு வைத்தோம், அதற்கே போகாவிட்டால் அது என்ன ஒளி என்று பொங்கியண்ணன் வருத்தப்பட்டார். பஞ்சால் துடைத்து மாட்டினாள். திரையில் அதே வரி.

அதற்குள் யாரோ வாஸ்துக்காரருக்குப் போன் போட்டிருந்தார்கள். கணினி தெற்கே பார்க்கக் கூடாதாம். நாலு பேர் மேசையோடு தூக்கிக் கிழக்கே திருப்பினார்கள். கேபிள் எட்டாமல் போனதால் மறுபடி தெற்கே திருப்ப வேண்டியதாயிற்று.

மீதி இருந்தது மெஷினின் உள்பக்கம். துணி ஓடிக்கொண்டிருந்ததால் நான்கு மணிவரை திறக்க முடியாது என்றார்கள். அதுவரை வேல்விழியும் அர்த்தநாரியும் ஈரத்தரையில் குந்தி, கேபிளில் பல் தடம் தேடினார்கள். ஒரு கீறல்கூட இல்லை.

நான்கு மணிக்குச் சாயத்தண்ணீரை வடித்து, மெஷினை ஆறவிட்டார்கள். சென்சாருக்காக மேலே பொருத்தியிருந்த முதல் எஃகுக் குழாயை வேல்விழி கழற்றி இழுத்தாள். கேபிள் முனை வந்தது. அதில் ஒரு கறுப்பு மூடி. சென்சார் இல்லை. அடுத்த மூன்று குழாய்களிலும் அப்படியே.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மூக்கையாவைப் பார்த்தார்கள். பொங்கியண்ணன் ஓடிப்போய் அவர் பையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். ஒரு லுங்கியும் சோறு கொண்டுவந்த காலித் தூக்குப்போசியும் விழுந்தன. மூக்கையா குனிந்து லுங்கியை எடுத்து உதறி மடித்தார்.

"ஏனப்பா, பைக்குள்ள எதைத் தேடறீங்க?" என்றார் அர்த்தநாரி.

நான்கு சென்சாரும் காணோம், முடி மாதிரி மெல்லிசாக இருக்கும், யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்றாள் வேல்விழி.

அர்த்தநாரியின் முகம் தெளிந்துவிட்டது. "அதுங்களா? அது எங்கியும் போகலீங்க அம்மணி. கண்ணாடின்னு சொன்னாங்களே, கொதிக்கிற தண்ணிக்குள்ள போட்டா வெடிச்சுப் போயிருமில்லீங்க? கேபிள் இழுத்த ஆளுகிட்ட, இதை மட்டும் நாங்களே மாட்டிக்கறோம்னு சொல்லியனுப்பிட்டு, வந்தன்னிக்கே ஊட்டு பீரோவுல பத்திரமா பூட்டி வெச்சுட்டனுங்க."

மூக்கையா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப பத்து மாசமா அறுபது அறுபதுன்னு எனக்கு எதிரா சாட்சி சொன்னது எதும்மா?"

வேல்விழி கணினியில் தேடிப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சென்சார் மாட்டற வரைக்கும் சும்மா மாதிரிக்குன்னு சாஃப்ட்வேரே இட்டுக்கட்டி ஓட்டற நம்பருண்ணே. முந்நூறு நாள்தான் ஓடும், ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிருச்சு."