ஆல்டோ குரலில் சீனம்

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்ட கையோடு, தவசிமுத்துவைத் தரையில் மயங்கி விழச் சொன்னாள் அவர் மனைவி ஞானசெல்வி.

அவர் தலையணையோடு விழுந்தார். அவள் அதை உருவிக்கொண்டாள். மயங்குகிறவர் தலையணை எடுத்துக்கொண்டா மயங்குவார் என்று கேட்டாள்.

ராயபுரத்து வீட்டின் மொசைக் தரை முதுகுக்குச் சில்லென்று இருந்தது. அப்படியே தூங்கிப்போகலாம். ஆனால் தலைமாட்டில் நின்று அவள் தொண்டையைச் செருமினாள். தெருவில் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. அது போய்த் தொலையும்வரை பொறுத்திருந்தாள்.

"ஜியோ... மிங்."

சீனத்தில் அதற்குக் காப்பாற்றுங்கள் என்று அர்த்தம்.

யானைக்கவுனியில் தவசிமுத்து மொத்த விலைக்கு விற்கிற பை ஜிப்புகள் எல்லாம் சீனாவில் யீவு என்கிற ஊரிலிருந்து வருகின்றன. இத்தனை வருடம் ஏஜெண்ட் காட்டிய சாம்பிளை நம்பி வாங்கினார். இந்தத் தடவை நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு. விமானத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

பயமெல்லாம் அவருடைய சர்க்கரைதான். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டை அரை மணி நேரம் தள்ளிப்போட்டால் போதும், மளமளவென்று இறங்கிவிடும். உடம்பு வேர்க்கும், கண் சொருகும், நாக்கு குழறும். அந்த நேரத்தில் அவருக்குத் தமிழே வராது. சீனமா வரப்போகிறது?

போன வருடம் கடையிலேயே சரிந்துவிட்டார். மூட்டை இறக்க வந்த பரசுராமன், "இன்னா நைனா, கண்ணு ஒரு மாரி கீது?" என்று தன் டீயை அவர் வாயில் வைத்ததால் பிழைத்தார். யீவுவில் பரசுராமனுக்கு எங்கே போவது?

ஆகவே ஞானசெல்வி மூன்று வாரமாகச் சீனம் படித்தாள். காப்பாற்றுங்கள். இவர் என் கணவர். குடிக்கவில்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. இனிப்பாக ஏதாவது கொடுங்கள். ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். அவ்வளவுதான். வழி கேட்கவோ விலை பேசவோ ஒரு வார்த்தைகூடப் படிக்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் ஷெர்லின், இதையெல்லாம் போனே பேசுமே என்று பேச வைத்தும் காட்டினாள். ரயில் தாமதமாக வரும் என்று அறிவிக்கிற குரல். அந்தக் குரலைக் கேட்டு உலகத்தில் யாராவது ஓடி வந்திருக்கிறார்களா என்று கேட்டாள் ஞானசெல்வி.

சீனத்தில் குரலை ஏற்றிச் சொன்னால் ஒரு அர்த்தம், இறக்கிச் சொன்னால் வேறு அர்த்தம். மற்றவர்கள் அங்கேதான் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஞானசெல்விக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாசரேத்தில் பத்து வயதில் பாடகர் குழுவில் சேர்ந்தவள். கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருடமாக ராயபுரம் ஆலயத்தில் ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல். பாட்டு நோட்டில் எழுதுகிற மாதிரியே ஒவ்வொரு வாக்கியத்துக்கு மேலும் டோ, ரே, மீ எழுதி வைத்துக்கொண்டாள்.

சுருதி இம்மி பிசகவில்லை. ஆனால் காப்பாற்றுங்கள் என்பது கிறிஸ்துமஸ் பாட்டாகிவிட்டது. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, 'மிங்'கில் இரண்டு எண்ணிக்கை நின்று, மெல்லக் குறைத்து அழகாக முடித்தாள்.

தவசிமுத்து படுத்தபடியே சிரித்தார்.

"ஏட்டி, நீ பாடி முடிக்கிறதுக்குள்ள சீனாக்காரன் காணிக்கை போட்டுட்டுப் போயிருவான்."

"மயங்கினவங்க பேசக் கூடாது."

யீவு ஜிப் கம்பெனியில் கணக்கு எழுதும் லின் என்ற பெண் ஞானசெல்வியின் போனில் வீடியோவில் வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வார்த்தையெல்லாம் சரி, ஆனால் மேடம் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறாரே என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

மனைவிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று தவசிமுத்து நன்றாகவே நடித்தார். கண்ணைச் சொருகினார். வாயைக் கோணலாகத் திறந்து வைத்துக்கொண்டார். ஒரு கையைத் தொப்பென்று தரையில் விட்டார்.

அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அப்புறம் வந்தது பாட்டே இல்லை. ஐந்து வாக்கியமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, நடுவில் உடைந்து, மூச்சு வாங்க வந்தது. அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கடையில் அவள் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பரசுராமன் பார்த்ததை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

போனுக்குள் லின் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

தவசிமுத்து பதறிக் கண்ணைத் திறந்தார். எதிரே ஸ்டூலின் மேல் இன்னொரு போன், அவருடையது, ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

யீவுவுக்கு எடுத்த டிக்கெட் ஒன்றுதான். ஞானசெல்விக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. தான் வராத ஊருக்கு இவள் ஏன் சீனம் படிக்கிறாள் என்று மூன்று வாரமாக அவருக்கு மண்டை குடைந்தது. கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சும்மா இருந்தார். அங்கே வேர்க்க ஆரம்பித்ததும் அவர் அமுக்க வேண்டியது இந்தப் பதிவைத்தான்.

அவள் ஸ்டூலிலிருந்து போனை எடுத்தாள். நிறுத்தவில்லை. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சீனத்துக்கு அடுத்துத் தமிழில் சொன்னாள்.

"ஷெர்லின் அப்பா, யாரோ குடுக்காங்களேன்னு வீம்பு பண்ணாதீங்க. வாயைத் திறங்க. நான்தான் சொல்லுதேன்."