முதல் இடத்து வீடு

மேகம் மூடினால் எந்த வீட்டின் மின்சாரத்தை முதலில் நிறுத்துவது என்பதை எங்கள் சூரிய மின் நிலையத்தின் கணினி ஒரு பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும். கடைசிவரை நிறுத்தக் கூடாத வீடாக, முதல் இடத்தில், அம்மாவின் வீட்டை நான்தான் பதிந்திருந்தேன். அங்கே ஆக்சிஜன் மெஷின் ஓடியது.

அம்மா போய் ஒரு மாதமாகிறது. மெஷினைத் தையல்காரரின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டோம். ஆனாலும் பூட்டிக் கிடந்த அம்மா வீட்டுக்கு நேரே, அந்த மெஷின் இழுக்கும் அதே முந்நூறு வாட் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஃப்யூஸை நானே பிடுங்கிட்டு வந்தேன்க்கா. மீட்டருக்குக் கிறுக்கு," என்றான் லைன்மேன்.

இன்று மூன்றாவது நாளாக மழை. பேட்டரியில் ஒரு வீட்டுக்குத்தான் மிச்சம் இருந்தது.

"தையல்காரர் போன் மேல போன் போடுறார். அந்தப் பெரியவருக்கு மூச்சு வாங்குதாம். உங்கம்மா இருந்திருந்தா உங்களைத்தான் திட்டியிருப்பாங்க. முதல் இடத்தை அவங்க வீட்டுக்கு மாத்துங்கக்கா!" என்றான் லைன்மேன்.

மாற்றினேன்.

இணைப்பைத் துண்டித்தால் எண் அந்த நொடியே பூஜ்யமாகிவிடும். அம்மா வீட்டு எண் அப்படி விழவில்லை. இருநூறில் நின்றது, கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

அம்மா போன அன்று நான் வேலையில் இருந்தேன். இன்று அது நிற்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.