யாரு பெத்த பிள்ளையோ

வெளியார் எழுதிய கணினி நிரல் ஒன்றின் நகல் அந்த அலுவலகத்தில் இருந்தது. அவர்கள் தங்கள் மூல நிரலை மாற்றும்போதெல்லாம் நகலையும் மாற்றுவது, எல்லாரும் அக்கா என்று கூப்பிடுபவளின் வேலை. போன முறை, அதை எழுதிய முகம் தெரியாதவரை வாழ்த்தி, நகலில் மட்டும் “யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இரு!” என்று ஒரு வரி சேர்த்தாள். இங்கே எழுதுவது மூலத்துக்குப் போகவே போகாது.

இன்று வந்த புதிய மூலத்தில் அந்த வரி இருந்தது. அதன்கீழே, “குனிங்கக்கா.”

குனிந்தாள். தலைக்கு மேலே இரும்புக் கம்பி பாய்ந்து திரையைச் சுக்குநூறாக்கியது.

“என் நாற்காலியில நீயாடி?” என்று கத்தினான், அவளுக்கு முன் அந்த வேலையிலிருந்து நீக்கப்பட்டவன். மற்றவர்கள் அவனைக் கீழே தள்ளி, மூக்கு உடைய மிதித்தார்கள்.

அக்கா பக்கத்துத் திரையில் அதே கோப்பைத் திறந்தாள். இன்னொரு வரி சேர்ந்திருந்தது: “அடிச்சது போதும். அவருக்குத் தண்ணி குடுங்கக்கா.”

“விடுங்கப்பா அவரை,” என்று டம்ளரை நீட்டினாள். அவன் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் சிவந்தது.